உப்புக்கு ஒரே கை

அந்த முகாம் குழுவில் சட்டங்கள் அதிகம் இல்லை. இருந்த இரண்டும் சோற்றைப் பற்றியவை. உப்பு ஒரே கையால்தான் விழ வேண்டும் என்பது முதல் சட்டம். சாப்பாட்டைக் குறை சொல்கிறவர் அடுத்த வேளைக்குத் தானே சமைக்க வேண்டும் என்பது இரண்டாவது.

இரண்டையும் யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டார்கள். முன்னொரு முகாமில் அடுப்பைக் கடந்து போன ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடு ஆளுக்கொரு பிடி உப்பைப் போட்டுவிட்டுப் போக, அந்தப் பருப்பை முகர்ந்து பார்த்த நாய்கூட மரியாதையாக விலகிப் போய்விட்டது. குறை சொல்லும் சட்டமும் அப்படித்தான். வெயிலில் விறகு பொறுக்கி, கண்ணெரிய ஊதி, கையைச் சுட்டுக்கொண்டு ஒருவர் ஆக்கிப்போடுவார். நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் இன்னொருவர், “இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்” என்பார். அந்த வாய்களையெல்லாம் இரண்டாவது சட்டம் ஒரே நாளில் அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கருகிய ரொட்டியும் அமிர்தம்தான், குழைந்த சோறும் அமிர்தம்தான்.

உப்புப் போடும் அந்த ஒரே கை, மோப்பத்தின் கை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. குழுவில் அவளை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. வயது பதினாறு. மற்றபடி ஒரு முகாமுக்கு அவளால் ஆகிற காரியம் எதுவுமில்லை என்று அவளே ஒப்புக்கொள்வாள். அவள் போட்ட முடிச்சு, அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் தானாகவே அவிழ்ந்துகொள்ளும். நடைபயணத்தில் கடைசி ஆள். தண்ணீரில் இறங்கினால் கல். கூடாரம் அடிக்கும்போது அவளை ஒரு முளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். சும்மா நிற்கிறாளே என்ற இரக்கம்.

ஆனால் அந்த மூக்கும் நாக்கும் இருந்தனவே! பானையின் அடியில் பருப்பு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்பதைக் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டே சொல்லுவாள். ஒரு துளியை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, “இன்னும் அரைச் சிட்டிகை” என்பாள். அரைச் சிட்டிகை போட்டதும் பானையில் இருந்தது சாப்பாடாக மாறிவிடும். அதனால் உப்பு டப்பா அவளிடம் இருந்தது. டப்பா இருந்ததால் உணவுத் திட்டம் போடும்போது கடைசி வார்த்தை அவளுடையதாக இருந்தது. அவள் தலையாட்டும்வரை யாரும் தட்டை நீட்ட மாட்டார்கள். பள்ளியில் அவள் இருபதோடு இருபத்தொன்று. வீட்டில் சின்னப் பிள்ளை. நாலு பேர் அவள் வாயைப் பார்த்துக் காத்திருக்கிற இடம் உலகத்தில் அந்த அடுப்படி ஒன்றுதான்.

இந்த முறை முகாமுக்குச் சில வாரங்கள் முன்பு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தேநீர் வெந்நீராயிற்று. சோறு என்பது மெதுவான சூடு, ரொட்டி என்பது சொரசொரப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சிலருக்குச் சீக்கிரம் திரும்பும், சிலருக்கு நாளாகும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். எவ்வளவு நாள் என்று அம்மா கேட்டதற்கு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

குழுவில் யாரிடமும் மோப்பம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் டப்பா கைமாறும். டப்பா போனால் மிச்சம் இருப்பது முளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி. அப்படி ஒருத்தியை அடுத்த முகாமுக்கு எதற்காகக் கூட்டிப் போவார்கள் என்று அவளுக்கே விடை தெரியவில்லை. அந்தப் பயம் அவளைத் தின்றது. அவள் தின்றதில் ருசி இல்லாவிட்டாலும் பயத்துக்கு நன்றாகவே பசித்தது.

திட்டக் கூட்டம் வழக்கம்போல் டயர் கடைக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. கீழே சக்கரத்தைச் சுத்தியலால் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் மேலே ஜன்னல் கண்ணாடி அதிரும். மடக்கு நாற்காலிகள், கால் உடைந்த ஒரு மேசை, பாதி அழிந்த வெள்ளைப் பலகை. அந்த அறைக்குள் நுழைந்தாலே ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அன்று துளைக்கவில்லை. நாற்றம் இல்லாத அந்த அறை அவளுக்கு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல் இருந்தது.

பலகை அருகில் தலைவி நின்றிருந்தாள். குழுவில் மூத்தவள், எதையும் எழுதிவைத்தால்தான் அது நடந்ததாக அவளுக்கு நம்பிக்கை வரும். மேசைமேல் பயில்வான் உட்கார்ந்திருந்தான். மூன்றாள் சுமையை ஒருவனாகத் தூக்குவான், நான்காள் சோற்றை ஒருவனாக உண்பான். அவன் பக்கத்தில் வாயாடி. பேருக்கு விளக்கம் வேண்டாம். கடைசியில் சுவரோரம் கண்ணாடி. கண்ணாடி அணிந்ததால் வந்த பெயரில்லை. மனதில் இருப்பது அப்படியே முகத்தில் தெரியும் என்பதால் வந்தது. சீட்டாட்டத்தில் அவனை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. கையில் ராணி வந்தால் முகத்திலும் ராணி வந்துவிடும்.

சமையல் என்ன என்று தலைவி கேட்டதும் மோப்பம் முந்திக்கொண்டாள். பாக்கெட் நூடுல்ஸ் போதும் என்றாள். காலையில் ரொட்டியும் ஜாமும், மதியம் நூடுல்ஸ், மாலையில் டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை. பாக்கெட்டில் உப்பும் மசாலாவும் அளந்தே வந்துவிடும் என்பது அவள் கணக்கு. அதை அவள் சொல்லவில்லை. விறகு மிச்சம், நேரம் மிச்சம், பாத்திரம் தேய்ப்பது மிச்சம் என்று அடுக்கினாள்.

எல்லாரும் அவளை வினோதமாகப் பார்த்தார்கள். பாக்கெட் நூடுல்ஸுக்குக் ‘காகிதக் கயிறு’ என்று பெயர் வைத்தவளே அவள்தான். பயில்வானுக்குக் கிட்டத்தட்ட அழுகையே வந்துவிட்டது. காட்டுக்கு வந்தும் சோறில்லை என்றால் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றான். வாயாடி சோற்றின் பெருமையைப் பற்றி நீண்ட உரை ஆற்றினாள். கடைசியில் பேரம் படிந்தது. மாலைகளில் காகிதக் கயிறு. மதியங்களில் சோறும் பருப்பும், சோறும் உருளைக்கிழங்கும். கடைசி நாள் மதியம், காய்கறி போட்டுக் கொதிக்கவைத்த கொண்டைக்கடலையும் சோறும். அன்று மாஸ்டர் அவர்களோடு சாப்பிடுவார். முகாமுக்குப் பொறுப்பான மாஸ்டர் ஒவ்வொரு மதியமும் ஒவ்வொரு குழுவில் சாப்பிடுவது வழக்கம்; இவர்கள் முறை கடைசியில் விழுந்தது.

நாக்கு இல்லாதவள் அளவை நம்ப வேண்டும். வீட்டுச் சமையலறை அந்த வாரம் ஆய்வுக்கூடம் ஆயிற்று. அப்பா பேருந்து ஓட்டுநர். பகல் வண்டியை விட்டுவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்காருவார். மகள் கிண்ணத்தை நீட்டுவாள். ஒரு குவளைத் தண்ணீருக்கு இத்தனை பருப்பு, தலை தட்டிய இந்தக் கரண்டியால் இத்தனை உப்பு. அப்பா வாயில் விட்டுச் சப்புக்கொட்டி, கூட என்பார், குறைவு என்பார். வண்டிக்கு டீசல் போடும்போதுகூட இப்படி அளந்ததில்லை என்று கேலி செய்வார். கேலி செய்தாலும் எல்லாக் கிண்ணத்தையும் குடித்தார். கடைசியில், “இதுதான், இதோட நிறுத்திக்க, எனக்கு வயித்துல இடமில்ல” என்றார். அந்தக் கரண்டியைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள் மோப்பம்.

அம்மா அடுப்பைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சொல்லிடு கண்ணு. கூட வர்ற பிள்ளைங்கதான, புரிஞ்சுக்கும்.”

“சொன்னா டப்பாவ வாங்கிடுவாங்கம்மா. நீயும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அம்மாக்கள் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பதினாறு வயது போதாது போலிருக்கிறது.

முகாம், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு புல்வெளியில். மூன்று குழுக்கள், மூன்று கல் அடுப்புகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, மாஸ்டரின் விசில். விசிலுக்கு என்ன அர்த்தம் என்று மாஸ்டருக்கே சில சமயம் மறந்துபோகும். ஊதிவிட்டுக் கொஞ்சம் யோசிப்பார்.

முதல் மதியம் சாமான் மூட்டையை அவிழ்த்தபோது உப்பு டப்பாவில் கல்லுப்பு இருந்தது. ஈரக்காற்றில் தூளுப்பு கட்டி தட்டிவிடும் என்று தலைவி கல்லுப்பாக வாங்கி வந்திருந்தாள். மோப்பம் அதைப் பார்த்தாள். கரண்டி கரண்டிதானே என்று நினைத்தாள். வீட்டில் அளந்தது தூளுப்பு. தூள் இடைவெளி இல்லாமல் நிரம்பும்; கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுதான் நிரம்பும். நாக்கு இருந்த காலத்தில் அவள் கரண்டியைத் தொட்டதே இல்லை. கையால் அள்ளிப் போட்டு நாக்கால் அளந்தவள். அதனால் இந்தச் சின்ன விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தலை தட்டி, எண்ணி, போட்டாள்.

பிறகு வழக்கம்போல் ஒரு துளியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அவளுடைய இரண்டாவது ஏற்பாடு அப்போதுதான் வேலைக்கு வந்தது. விறகு கொண்டு வந்த கண்ணாடியைக் கூப்பிட்டு, இந்தா, நீயும் பாரு என்று கரண்டியை நீட்டினாள். அவன் முகத்தைவிட நம்பகமான நாக்கு அந்த ஏரிக்கரையில் இல்லை. முந்தைய முகாமில் புளித்துப்போன பாலை அவன் விழுங்குவதற்குள் ஏரியில் இருந்த கொக்குக்குக்கூடச் சங்கதி தெரிந்துவிட்டது.

கண்ணாடி குடித்தான். முகம் அசையவில்லை. நல்லா இருக்கு என்றான்.

அவளுக்கு உயிர் வந்தது. தலையாட்டினாள், தட்டுகள் நீண்டன. பயில்வான் தட்டோடு மரத்தடிக்குப் போனான். வாயாடி கூடாரத்துக்குப் பின்னால் நிழல் நன்றாக இருக்கிறது என்று போனாள். தலைவி தொட்டிப் பக்கம் போனாள். வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டம் இப்படி மூலைக்கொருவராகப் பிரிந்தது அவளுக்குக் கொஞ்சம் புதிதாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாத் தட்டுகளும் காலியாகத் திரும்பி வந்தன. அதற்கு மேல் ஒரு சமையல்காரிக்கு என்ன வேண்டும்.

அடுத்த மதியமும் அப்படியே. கரண்டி, கண்ணாடியின் முகம், காலித் தட்டு. மோப்பம் மெல்ல மெல்ல நிமிர்ந்தாள். நாக்கு என்ன பெரிய நாக்கு, அளவு இருந்தால் போதாதா என்று நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கு என்று பயில்வானை அதட்டினாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பக்கத்துக் குழுவின் நூடுல்ஸைப் பார்த்துப் பழமொழி சொன்னாள். அதைக் கேட்டு வாயாடிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். வாயாடி ஒன்றும் சொல்லாமல் இருப்பது ஏன் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும்.

கடைசி நாள் காலை. கொண்டைக்கடலை ஊறிப் பருத்திருந்தது. மற்றவர்கள் மரத்தடியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மோப்பம் மட்டும் அடுப்படியில், உப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் அளந்துகொண்டிருந்தாள். மூன்றாவது குழுவை நோக்கிக் காலிக் குவளையோடு போய்க்கொண்டிருந்த, பக்கத்துக் குழுவில் சமைக்கும் பெண், திறந்த டப்பாவைக் கண்டு நின்றாள்.

கொஞ்சம் உப்பு இருக்குமா என்று கேட்டாள். உப்புதானே, தாராளமாக எடுத்துக்கொள் என்றாள் மோப்பம். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. வந்தவள் டப்பாவைப் பார்த்தாள், மோப்பத்தைப் பார்த்தாள், மறுபடி டப்பாவைப் பார்த்தாள்.

“இவ்ளோ உப்ப வச்சுக்கிட்டா எங்ககிட்ட வாங்குனீங்க?”

“யார் வாங்குனது?”

“உங்க ஆளுங்கதான். சாப்பாட்டு நேரமானா ஒவ்வொருத்தரா தட்டத் தூக்கிட்டு வர்றாங்க. நீங்க உப்பு கொண்டுவர மறந்துட்டீங்க போலன்னு நாங்களும் குடுத்துட்டே இருந்தோம். இப்ப எங்களுக்கே இல்ல.”

மோப்பம் குவளை நிறைய உப்பை அள்ளிப் போட்டாள். வந்தவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் தன் அடுப்புக்குப் போய்ச் சேரும்வரை மோப்பம் அங்கேயே நின்றாள். மரத்தடி, கூடாரத்தின் பின்பக்கம், தொட்டிப் பக்கம். மூன்றுமே பக்கத்துக் குழுவின் அடுப்புக்குப் போகிற வழியில் இருந்தன. அதைக் கண்டுபிடிக்க மூக்கு தேவைப்படவில்லை. முகம் சுட்டது. காதெல்லாம் சுட்டது.

டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். நேராகக் கண்ணாடியின் முன் போய் நின்று, பருப்பில் உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டாள். அவன் கேரட்டைப் பார்த்துக்கொண்டு, இருந்தது என்றான். என்னைப் பார்த்துச் சொல் என்றாள். அவன் நிமிர்ந்தான். அவ்வளவு நாள் இழுத்துப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நொடியில் முகத்தில் வந்து விழுந்தது.

தலைவிதான் சொன்னாள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மோப்பத்தின் அம்மா போன் செய்திருந்தாள். பிள்ளைக்கு நாக்கு செத்துப்போயிருக்கிறது, வெளியே சொல்லப் பயப்படுகிறாள், நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், மனசு உடைந்துவிடுவாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தலைவி எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டாள். முகத்தைச் சுளிக்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது, உப்பு வேண்டுமென்றால் அவள் கண்ணில் படாமல் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு மட்டும் பேருந்தில் வரும்போதே, முன்னால் உட்கார்ந்திருந்த மோப்பத்துக்குத் தெரியாமல், கடைசி இருக்கையில் தனியாகப் பயிற்சி நடந்தது. பயில்வான் அவன் வாயில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிழிந்து முகத்தை அசையாமல் வைக்கக் கற்றுக்கொடுத்தான்.

இதைக் கேட்டதும் வாயாடிக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள். அவ்வளவு மோசமில்லை, கொஞ்சம் சப்பென்று இருந்தது, அவ்வளவுதான் என்றான் பயில்வான் சமாதானமாக. நீ வருத்தப்படக் கூடாது என்றுதான் என்றாள் தலைவி.

மோப்பம் கத்தவில்லை.

“எனக்கு நாக்குதான் போச்சு. காது இருந்துச்சே. உப்பு கம்மின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் அரைக் கரண்டி போட்டிருப்பேன். இவன் மூஞ்சிய நம்பித்தான நான் சமைச்சேன். அதையும் பிடுங்கிட்டீங்க.”

தலைவி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்ததற்கு என்னவென்று மன்னிப்புக் கேட்பது. குழந்தையின் கையில் பொம்மை ஸ்டியரிங்கைக் கொடுத்து, நீதான் ஓட்டுகிறாய் என்று சொல்வார்கள் அல்லவா, பேருந்து ஓட்டுநரின் மகளுக்கு அந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். இந்த வயதில் மறுபடி மடியில் தூக்கி உட்காரவைத்து விட்டார்கள். கோபத்தைவிட அந்த அவமானம்தான் பெரிதாக இருந்தது.

டப்பாவைக் கண்ணாடியின் மடியில் வைத்தாள். அவன் திகைத்துப்போய், எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டான். சட்டப்படி இனிமேல் அது அவன் கை.

“நாக்கு உனக்குத்தான இருக்கு. பாத்துப் போட்டுக்க.”

சொல்லிவிட்டு ஏரிக்கரைக்குப் போய், அடுப்பு தெரிகிற தூரத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்தாள்.

கண்ணாடி சமைப்பது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. கடலை வெந்தது, காய் விழுந்தது. அவன் ஒரு பிடி உப்பைப் போட்டான், கிளறினான், வாயில் வைத்தான். முகம் சுருங்கியது. இன்னொரு பிடி. மறுபடி வாயில். போதவில்லை. மறுபடி ஒரு பிடி. சுடச்சுட வாயில் வைத்துக்கொண்டே இருந்தால் நாக்கு மரத்துப்போகும். எவ்வளவு போட்டாலும் குறைவாகத்தான் தெரியும். ஒரு முறை பார்த்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, அப்புறம்தான் அடுத்த முறை பார்க்க வேண்டும். டப்பா கைக்கு வந்த முதல் வருஷமே அவள் கற்றுக்கொண்டது அது. ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். அவள் கொடுக்கவில்லை. அவன் அடுத்த பிடியை அள்ளியபோது அவளுக்கு, உள்ளதைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

மாஸ்டர் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை யாரும் மரத்தடிக்கோ கூடாரத்துக்குப் பின்னாலோ போகவில்லை. மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதால் வட்டமாக உட்கார்ந்தார்கள். மோப்பமும் வந்து உட்கார்ந்தாள். பசித்தது, ருசி போனாலும் பசி போவதில்லை. கண்ணாடி பரிமாறினான். பானையின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

மாஸ்டர் முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். ஏரியைப் பார்த்தார். பிறகு மெதுவாக விழுங்கிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை இழுத்துக்கொண்டார். சட்டம் அவருக்கும் பொருந்தும். அவர் முட்டை வேகவைத்தே பானையை ஓட்டையாக்கியவர். குறை சொல்லி அடுத்த வேளையைத் தலையில் ஏற்றிக்கொள்ள அவருக்குத் துணிவில்லை. குடம் அவரிடமிருந்து தலைவிக்கு, தலைவியிடமிருந்து வாயாடிக்கு என்று சுற்றிவந்தது. பயில்வான் கடலையை ஓரமாக ஒதுக்கி வெறும் சோற்றைத் தின்றுகொண்டிருந்தான்.

மோப்பத்தின் வாயில் அதே மெதுவான சூடு. ஆனால் குடம் சுற்றுகிற வேகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. உப்பு கரித்துக் கொட்டுகிறது.

கூடவே இன்னொன்றும் புரிந்தது. ஊருக்குப் பேருந்து ஏறுமுன் மாலையில் இன்னும் ஒரு வேளைச் சமையல் பாக்கி இருந்தது. “உப்பு கூடிப்போச்சு” என்று இப்போது அவள் வாயைத் திறந்தால் போதும். குறை சொன்னவள் அவள். காகிதக் கயிறானாலும் அடுத்த வேளை அவள் கை. டப்பா அவளிடம் திரும்பி வரும். இரக்கத்தால் வராது, சட்டத்தால் வரும். நாக்கு இல்லாமலேயே உப்பைக் கண்டுபிடித்தாள் என்று அடுத்த முகாம்வரை பேசுவார்கள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கண்ணாடியைப் பார்த்தாள். அவன் தன் தட்டைத் தொடவே இல்லை. ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எலுமிச்சம்பழப் பயிற்சியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்கிற பார்வை. யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்கிற பார்வையும் அதுதான். கரண்டியை நீட்டிவிட்டு அவன் முன்னால் அவள் நின்றபோதெல்லாம் அவள் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். அதைத் தினமும் அத்தனை கிட்டத்தில் நின்று பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

அவள் தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். குடத்தை யாரோ அவள் பக்கம் நகர்த்தினார்கள். அவள் தொடவில்லை. தட்டைக் கண்ணாடியிடம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் போடு.”

எல்லாக் கைகளும் அப்படியே நின்றன. கண்ணாடி கரண்டியை எடுக்கவில்லை.

“உனக்குத்தான் தெரியாதே” என்றான். குரல் உடைந்திருந்தது.

“தெரியாது. அதனாலதான் கேக்கறேன். பானைல இருக்கறத எல்லாம் போடு.”